முழுப்பேர் இல்லாத முகங்கள்

போன மழைக்காலத்தில் ஒருநாள் பெரகல சந்திக்குக் கீழே ஒரு லயத்து வாசலில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். எங்களில் ஒருத்தி கொழும்பில் ஓவியம் படிக்கிறாள். பரீட்சைக்காகப் போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாயி பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

“யாரு ஊட்டுப் புள்ள இது?”

“இத்தாலி, அம்மாயி. ஐந்நூறு வருசத்துக்கு முந்தி வரைஞ்சது.”

“பேரு என்னா?”

“ஜொவான்னா.”

“கல்யாணம் ஆனவளா?”

“ஆமா. ஒரு மகன். ரெண்டாவது புள்ள வயித்துல இருக்கறப்போ செத்துப் போயிட்டா.”

“என்னா வயசு?”

“பத்தொம்பது.”

அம்மாயி ‘ச்சு’ கொட்டினார். “பாவம். கழுத்துல போட்டிருக்கறதெல்லாம் யாருக்குப் போச்சோ” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றோம். கொழும்பிலிருந்து வரும் வீதியில் ஹப்புத்தளைக்கு ஏறும் பாதை பிரிகிற இடம் அது. எல்லவுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் இறங்கி நின்று பள்ளத்தாக்கைப் போட்டோ எடுப்பார்கள். அங்கே ஒரு கடையில் தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் தலையில் பட்டி மாட்டி, முதுகில் கூடை தொங்க, கையில் கொழுந்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். எங்கள் நிறம், எங்கள் முகம். அம்மாயி கேட்ட அதே கேள்விகளை அந்தப் பெட்டியைப் பார்த்துக் கேட்டோம். யாரு வீட்டுப் பிள்ளை? பேர் என்ன? கல்யாணம் ஆனவளா? வயசு என்ன?

ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி செத்துப்போன இத்தாலிக்காரியைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிற எங்களால், பக்கத்து மலையில் இன்றைக்கும் உயிரோடு இருக்கக்கூடிய ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல முடியவில்லை. இது எப்படி நடந்தது என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பட்டியலும் படமும்

முதலில் அந்த ஓவியம். வரைந்தவர் டொமெனிகோ கிர்லாந்தாயோ. புளோரன்ஸ் நகரத்தில் பெரிய பட்டறை வைத்திருந்த ஓவியர். படத்தில் இருப்பவள் ஜொவான்னா தெக்லி அல்பிஸ்ஸி. பழைய செல்வாக்கான குடும்பத்துப் பெண். 1486 இல் லொரென்ஸோ தோர்னபுவோனி என்ற வங்கிக் குடும்பத்துப் பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1488 இல் இறந்துபோனாள். படத்திலும் அந்த வருஷம்தான் எழுதியிருக்கிறது. அவள் இறந்த பிறகே படம் முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். இப்போது மாட்ரிட்டில் உள்ள தைசன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படம் பெரிதில்லை. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் அகலம், ஒன்றரை முழத்தைவிடக் கொஞ்சம் உயரம். அவள் நம்மைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் முகம் திருப்பி, முதுகு நிமிர்த்தி, கையில் ஒரு கைக்குட்டையோடு நிற்கிறாள். தங்கச் சரிகை நெய்த உடுப்பு. கழுத்தில் ஒரு பதக்கம். பின்னால் மாடத்தில் இன்னொரு நகை, ஒரு ஜெபப் புத்தகம், பவள மாலை. இருக்கிற பணத்தையெல்லாம் ஒரு பலகைக்குள் அடுக்கிக் காட்டுகிற வேலை இது. எங்கள் பக்கத்தில் கல்யாண ஆல்பத்தில் சீர்வரிசைத் தட்டுகளைத் தனியாகப் போட்டோ எடுப்பார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

நன்றாகப் பார்த்தால் தோள்பக்கம் துணியில் ‘எல்’ என்ற எழுத்து நெய்திருக்கும். லொரென்ஸோவின் முதலெழுத்து. அதனால் இவளை நாங்கள் சுதந்திரப் பெண்ணாகக் கொண்டாட வரவில்லை. படத்தை வரையச் சொன்னது அவள் இல்லை. காசு கொடுத்ததும் அவள் இல்லை. புருஷன் வீட்டு எழுத்தைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறாள். மறுமலர்ச்சிக் காலம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். யாருக்கு மறுமலர்ச்சி என்று அந்தத் தோளைப் பார்த்துக் கேட்கலாம்.

ஆனாலும் அவளுக்கு ஒன்று கிடைத்தது. 1497 இல் மெடிச்சி குடும்பத்துக்கு ஆதரவாகச் சதி செய்தார் என்று லொரென்ஸோவின் தலையை வெட்டினார்கள். அதன் பிறகு வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போட்டபோது, தங்கச் சட்டம் போட்ட இந்தப் படத்தையும் எழுதினார்கள். எழுதினவர் ‘ஒரு பெண்ணின் படம்’ என்று விடவில்லை. ஜொவான்னா என்று பெயர் போட்டார். அவளுடைய முகமும் பெயரும் பொறித்த பதக்கம் ஒன்றும் உண்டு. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் கிர்லாந்தாயோ வரைந்த சுவரோவியத்திலும் அவள் வருகிறாள். ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்த்து, இவள்தான் அவள் என்று சொல்ல முடிகிறது.

ஒரு படம், ஒரு பட்டியல், இரண்டையும் சேர்க்கிற ஒரு பெயர். இந்த மூன்றும் இருந்தால் போதும், ஐந்நூறு வருஷம் கழித்து லயத்து வாசலில் ஒரு அம்மாயி அவளுக்காக ‘ச்சு’ கொட்டலாம்.

எங்களைப் படம் பிடித்தவர்கள்

எங்களுக்குப் படம் இல்லாமல் இல்லை. உலகத்தில் அதிகமாக அச்சடிக்கப்பட்ட முகங்களில் எங்கள் பெண்களின் முகமும் ஒன்றாக இருக்கும். 1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தோட்டத்தை வாங்கினார். அவருடைய தேயிலை விளம்பரங்களில் கூடை சுமந்த பெண் உலகம் சுற்றினாள். கொழும்பு ஸ்டூடியோக்கள் தபால் அட்டை அடித்து விற்றன. அட்டையின் அடியில் ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்’ என்று இருக்கும். அவ்வளவுதான். மரம், யானை, அருவி, தமிழ்ப் பெண். இன்றைக்கும் ‘லிப்டன் சீட்’ என்று ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கே பெயர் இருக்கிறது. ஏறுகிற வழி நெடுக அவர் பெயர்ப்பலகை. பலகைக்குப் பக்கத்தில் குனிந்து கொழுந்தெடுக்கிற பெண்ணைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள்.

இதில் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது ஜூலியா மார்கரெட் கெமரனின் கதை. 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். இங்கிலாந்தில் இருந்தபோது ரபாயேல் போன்ற பழைய இத்தாலிய ஓவியர்களைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி முகங்களை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். டார்வினைப் படம் எடுத்தார், கவிஞர் டெனிசனை எடுத்தார். வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரை மாதாவாக நிறுத்தி எடுத்தார். வேலைக்காரியாக இருந்தாலும் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது, பாருங்கள்.

1875 இல் கெமரன் இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கெமரனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கோல்புரூக் – கெமரன் ஆணைக்குழு என்று வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கெமரன்தான். அம்மையார் இங்கேயும் படம் எடுத்தார். கையில் கிடைத்திருக்கிற இலங்கைப் படங்கள் முப்பதுக்குள்தான். அதே கண், அதே வெளிச்சம். ஆனால் படத்துக்குக் கீழே வருகிற தலைப்பு மாறிவிடுகிறது. களுத்துறையில் அவர் வீட்டுக்கு வந்து தங்கிய ஆங்கில ஓவியர் மரியான் நோர்த்தின் படத்துக்குப் பெயர் இருக்கிறது. களுத்துறைக்காரர்களின் படத்துக்கு ‘களுத்துறை விவசாயிகள் குழு’ என்று தலைப்பு. 1879 இல் டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் கெமரன் இறந்தார். பொகவந்தலாவையில் தேவாலயத்தை ஒட்டிப் புதைத்தார்கள். கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது.

இத்தாலியப் பிரபுப் பெண்ணின் படத்திலிருந்து கற்றுக்கொண்ட கலை, கப்பல் ஏறி எங்கள் ஊர்வரைக்கும் வந்தது. கூடவே பெயர் எழுதுகிற பழக்கம் மட்டும் வரவில்லை. கெமரன் கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு முன்னால் நின்றவர்கள் அவருக்கு ஒரு ‘வகை’யாகத் தெரிந்தார்கள். மனிதனுக்குப் பெயர் வேண்டும். வகைக்கு வேண்டியதில்லை.

அரைப்பேர்

அப்படியென்றால் எங்கள் பெயரை யாருமே எழுதவில்லையா? எழுதினார்கள். நாள் தவறாமல் எழுதினார்கள். செக்ரோலில்.

தோட்டத்தில் வளராத வாசகர்களுக்காகச் சொல்கிறோம். காலையில் பெரட்டுக்குப் போனால் ஆளைக் கணக்கெடுப்பார்கள். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு நாள் சம்பளம். அதற்கு எங்கள் பேச்சில் ‘ஒரு பேர்’ என்று சொல்வோம். கிலோ குறைந்தால் பாதிச் சம்பளம். அதன் பெயர் ‘அரைப்பேர்’. “இன்னைக்கு எனக்குப் பேர் விழல, அரைப்பேர்தான் போட்டாங்க” என்று சொல்லாத வீடு லயத்தில் இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு இது எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. கொழும்பில் படிக்கிற எங்கள் தோழிதான் ஒருநாள் சொன்னாள்: “டேய், ஒரு மனுசியோட பேர பாதியா வெட்டலாம்னு கண்டுபிடிச்சது நம்ம ஊர்லதான்டா.”

ஆக, பட்டியல் இருந்தது. தோட்டத்து ஒபிசில் இருந்தது. படமும் இருந்தது, லண்டனில் தேயிலைப் பெட்டியில். புளோரன்சில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. எங்கள் விஷயத்தில் செக்ரோலில் இருந்த பெயரும் தபால் அட்டையில் இருந்த முகமும் ஒரு நாளும் சந்திக்கவில்லை. சந்திக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. சம்பளம் போட முகம் தேவையில்லை. தேயிலை விற்கப் பெயர் தேவையில்லை.

முகமும் பெயரும் ஒரே தாளில் சேர்ந்த ஒரு சந்தர்ப்பம் வந்தது. அது எப்படி வந்தது என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களானோம். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை எடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று பிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் பல குடும்பங்கள் முதல் தடவையாக ஸ்டூடியோவுக்குப் போயின. பாஸ்போட்டுக்குப் படம். போகிறவர்களும் இருக்கிறவர்களும் சேர்ந்து எடுத்த கடைசிக் குடும்பப் படம். எங்களில் ஒருவனின் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. பதினோரு பேர், எல்லாரும் கெமராவை நேராகப் பார்க்கிறார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதில் ஆறு பேர் யார் என்று இப்போது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. பெரகலையிலிருந்து அது தூரமே இல்லை. அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்களுக்கு நினைவிருப்பது, எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு குறைத்தார்கள். தப்பித்தவர்களின் கையில் ஒரு போட்டோ கூட இல்லை. சுவரில் மாட்டியிருந்த சாமிப் படத்தோடும் கல்யாணப் படத்தோடும் சேர்ந்து எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. பெயரையும் முகத்தையும் சேர்த்து வைக்காத ஊரில் ஒரு மலை சரிந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அன்றைக்கே பார்த்துவிட்டோம். புரிய இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

எங்கள் தப்பும்

வெள்ளைக்காரனைத் திட்டி முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் நாங்களும் இதைத்தான் செய்தோம். இரண்டு வருஷத்துக்கு முந்தி சம்பளப் பிரச்சினைக்காக ஒரு போஸ்டர் போட்டோம். ஒரு அம்மாவின் முகம், வெயிலில் சுருங்கின கண், நல்ல படம். அடியில் ‘மலையகத்தின் கண்ணீர்’ என்று எழுதினோம். நிறையப் பேர் ஷெயார் செய்தார்கள். ஒரு கிழமை கழித்து அந்த அம்மாவின் மகள் எங்களைக் கூப்பிட்டாள். “எங்கம்மா அழுவலியே. வெயிலுக்குக் கண்ணச் சுருக்குனாங்க. அவங்ககிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. அவருக்காகப் பேசுகிறோம் என்ற நினைப்பில் அவரைத் தபால் அட்டை ஆக்கிவிட்டோம். போஸ்டரை எடுத்துவிட்டோம், வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டோம். அந்த அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடிக்கிறதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பெயர் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ஜொவான்னாவுக்குப் பெயர் இருந்தது, அவள் பத்தொன்பது வயதில் செத்துப்போனாள். பெயர் போட்டதால் கிலோ குறையப் போவதில்லை, லயத்துக் கூரை ஒழுகாமல் இருக்கப் போவதில்லை. இன்னொரு பக்கம், பெயர் போடுவதே ஆபத்தாகவும் முடியும். போராட்டத்தில் நின்ற பெண்ணின் முகத்தையும் பெயரையும் பேஸ்புக்கில் போட்டால், அடுத்த நாள் பெரட்டில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவள்தான், நாங்கள் இல்லை. அதனால் எல்லாப் படத்திலும் பெயர் போடு என்று நாங்கள் சொல்லவில்லை. பெயரைக் கேள் என்கிறோம். போடலாமா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். வேண்டாம் என்றாலும் கேட்டது வீணில்லை. கேட்கிறபோதே அவள் ‘வகை’யிலிருந்து வெளியே வந்துவிடுகிறாள். “எதுக்கு எடுக்கிறீங்க?” என்று அவள் திருப்பிக் கேட்கவும் அப்போதுதான் இடம் கிடைக்கிறது.

“சம்பளமே கிடைக்கல, படத்துக்குப் பேர் கேக்குறீங்களா?” என்று எங்கள் நண்பர் ஒருவர் கோபப்பட்டார். நியாயமான கோபம். ஆனால் இந்த இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று நினைக்கிறோம். சிரித்த முகத்தோடு பச்சை மலையில் நிற்கிற, பெயர் இல்லாத ஒரு பெண் தேயிலையோடு சேர்ந்து விற்பனையாகிறாள். அவளுக்கு வயசு இல்லை, வீடு இல்லை, கடன் இல்லை, முதுகுவலி இல்லை. அப்படிப்பட்டவளுக்கு எதற்குச் சம்பள உயர்வு? அரைப்பேர் போடுகிறவருக்கும் அந்தப் படத்தை அச்சடிக்கிறவருக்கும் வசதியாக இருப்பது ஒரே பெண்தான்.

பென்சில் எடுங்கள்

உங்களிடம் நாங்கள் கேட்பது சின்ன வேலை. இந்தப் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது, வீட்டில் இருக்கிற பழைய படங்களை இறக்கி வையுங்கள். பாட்டியையோ அம்மாயியையோ பெரியப்பாவையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் எடுத்தது என்று கேளுங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும். பிறகு போனில் முன்னையும் பின்னையும் படம் எடுத்து வையுங்கள். முழுப்பேர் எழுதுங்கள், கூப்பிடுகிற பேரையும் எழுதுங்கள். நாளைக்கு ஒரு மலை சரிந்தாலும் எங்கேயோ ஒரு இடத்தில் முகமும் பேரும் சேர்ந்து இருக்கும்.

பெரகலை அம்மாயியிடம் நாங்கள் இதைத்தான் செய்தோம். ஒரே ஒரு படம் இருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிச்சம். தகர டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெயரைக் கேட்டதும் செக்ரோலில் போட்ட பேரைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “அது கணக்கப்பிள்ள எழுதுனது. எங்கப்பா வச்ச பேரு வேற” என்று இன்னொன்றைச் சொன்னார். பேத்திக்கே அன்றுதான் அது தெரிந்தது. இரண்டையும் எழுதினோம்.

கட்டுரையில் போடலாமா என்று கேட்டோம்.

“வேணாம். அது ஊட்டுல இருக்கட்டும்” என்றார்.

அதனால் இங்கே போடவில்லை.